உப்பு வண்டிப் பாட்டில் ஓர் எழுத்து

அந்த முன் சீட்டுக்காரர் போன்ல ஒரு பாட்டு ஓடுதுலா சார், அதக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. ஒரு பொம்பளப்பிள்ள பாடுதா. "உப்பு வண்டி உப்பு வண்டி எங்கல போற, எங்கம்மா கால் வெடிப்ப ஏத்திக்கிட்டு எங்கல போற." கேட்டீங்களா? எங்கம்மாவாம். தப்பு சார். அது எங்கம்மை. அம்மை. எழுதுனவன் அப்படித்தான் எழுதுனான், பாடுனவன் அப்படித்தான் பாடுனான். இன்னைக்கு ஊரு பூரா அம்மா அம்மான்னு பாடிக்கிட்டு அலையுது.

என்னடா, பஸ்ஸு இன்னும் தூத்துக்குடியத் தாண்டல, அதுக்குள்ள இந்த ஆளு ஆரம்பிச்சுட்டானேன்னு நெனைக்காதீங்க. நேத்து சாயங்காலத்துலருந்து என்கிட்ட யாரும் ஒரு வார்த்த பேசல. உங்களுக்குக் கோயம்புத்தூரா? நல்லதாப் போச்சு. எனக்கும் அங்கதான். மக வீட்டுல இருக்கோம். பேரு ஆறுமுகநயினார். கரண்ட் ஆபீஸ்ல ரீடிங் எடுக்குத வேல பாத்து ரிட்டயர் ஆனவன்.

இந்தப் பாட்டு புதுசுன்னுதான் நீங்க நெனைச்சிருப்பீங்க. இல்ல சார். தொண்ணூத்தெட்டுல வந்த கேசட்டு. 'மத்தியான வெயில்'னு பேரு. தேரிக்காடுன்னு, நம்ம பக்கத்துச் செம்மண் காட்டுப் பேருல, ஒரு பேண்டு. நம்ம ஊரு பயலுவ, ராக் அண்ட் ரோல் அடிச்சானுவ. சிரிக்காதீங்க. எல்லாரும் அன்னைக்கு இப்படித்தான் சிரிச்சாவ.

நான் மொதல்ல கேட்டது எப்படின்னா, ரீடிங் எடுக்கப் போன எடத்துல. கடல் பக்கம் ஒரு தெரு. ஒரு வீட்டுல மீட்டர் பின்னால ஷெட்டுல இருக்கு. கதவத் தொறந்தா உள்ள ஒருத்தன் கிட்டார மாட்டிக்கிட்டு நிக்கான், ஒருத்தன் டிரம்ஸ் முன்னால உக்காந்திருக்கான், இன்னும் ரெண்டு பேரு. "ஒரு நிமிசம் நிப்பாட்டுங்கப்பா, மீட்டரப் பாத்துட்டுப் போயிருதேன்"ங்கேன். அவனுவ காதுல விழல. டிரம்ஸ் எடுத்தது பாருங்க சார். லோடு லாரி கதவு ஆடிக்கிட்டே பள்ளத்துல எறங்கி ஏறுமே, அப்படி ஒரு அடி. அது இங்கிலீஷ் அடி இல்ல. கொடை விழாவுல நடுச்சாமத்துல சாமியாடிக்கு அடிப்பாவளே, அந்த அடி. அதுக்கு மேல கிட்டார் கெடந்து கதறுது. அதுக்கு மேல அந்தக் குரல். "உப்பு வண்டி உப்பு வண்டி எங்கல போற." நான் மீட்டர் நம்பரக் குறிக்கவே இல்ல. பாட்டு முடிஞ்சதும், "தம்பி, இன்னொரு தடவ பாடு"ன்னேன்.

பாடுனவன் பேரு கிளாட்சன். உவரிப் பக்கத்துலருந்து வந்த குடும்பம். அப்பா இல்ல. அம்மை எஸ்தர், உப்பளத்துல கூலி வேல. இவன் சர்ச்சு பாடகர் குழுவுல கிட்டார் அடிச்சுப் பழகுனவன். டிரம்ஸ் அடிச்சவன் இசக்கிராஜ், நையாண்டி மேளக் குடும்பம். ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துலருந்து சேக்காளி. கிளாட்சன் சொல்லுவான், "அண்ணாச்சி, ராக் அண்ட் ரோலு வெள்ளக்காரன் ஊருல தெக்கத்தி ஆளுவ உண்டாக்குனது. வயல்ல வேல பாத்தவன், ரயில் பாதை போட்டவன் பாடுனது. அங்கயும் தெக்கு, இங்கயும் தெக்கு. ஒரே வெயில்தான்." இருவத்திரண்டு வயசுப் பய சார். என்ன பேச்சு பாத்தீங்களா.

அன்னையிலருந்து நான் அந்த ஷெட்டுலதான். ஆபீஸ் முடிஞ்சா நேரா அங்க. மக்ரூன் வாங்கிட்டுப் போவேன். எந்தப் பாட்டு சரியா வருது, எது வரலன்னு சொல்லுவேன். இசக்கிராஜு சில நேரம் மூஞ்சியத் தூக்குவான். "அண்ணாச்சி, அடிக்குதவன் நானா, நீரா?"ம்பான். நான் கண்டுக்கிட மாட்டேன். நல்லது சொல்லுத ஆளு வேணும்லா. பாட்டுப் பாடுதவனுக்கு அவன் பாட்டோட அரும தெரியாது சார். கேக்குதவனுக்குத்தான் தெரியும்.

கேசட்டு வந்துச்சு. மருதயில போயி ரெக்கார்டிங் பண்ணுனோம். பண்ணுனாவ. நானும் லீவு போட்டுட்டுப் போனேன். எட்டுப் பாட்டு. ஏ சைடுல மூணாவது உப்பு வண்டி. பி சைடுல கடைசியா 'தூங்காத துறைமுகம்'னு ஒரு பாட்டு, அதுல வார்த்தையே கெடையாது, கிட்டாரும் மேளமுந்தான். கேட்டீங்கன்னா ரெண்டு நாள் சோறு எறங்காது. அப்படிப்பட்ட கேசட்ட இந்த ஊரு என்ன செஞ்சது தெரியுமா? கடையில வச்ச பாக்கெட்டு வச்சபடியே திரும்பி வந்துச்சு. ரேடியோவுல குடுத்தா, "என்ன சார் ஏல வாலன்னு பாடுறாங்க"ன்னாவ. மெட்ராஸ்ல ராக்கு பாடுத கூட்டத்துக்கு அனுப்புனா, தமிழ்ல இருக்குன்னு ஒதுக்குனாவ. இங்க உள்ள ஆளுவ, "காட்டுக் கத்தலா இருக்கு, வயித்துப்பிள்ளைக்காரி இருக்க வீடு, நிப்பாட்டுவே"ன்னாவ.

நான் விடல. ரீடிங் எடுக்கப் போற வீட்டுக்கெல்லாம் கொண்டு போவேன். மீட்டரப் பாப்பேன், கார்டுல எழுதுவேன், "அம்மா, ஒரு அஞ்சு நிமிசம், டேப் ரெக்கார்டர் இருக்கா?"ம்பேன். முழுசாக் கேட்டாத்தான் அடுத்த வீடு. நடுவுல எந்திரிச்சுப் போனா மறுபடி முதல்லருந்து போடுவேன். யாரோ ஒரு புண்ணியவான் ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டுட்டான். கூப்பிட்டு ஏசுனாவ. பெறவு வெளாத்திகுளத்துக்கு மாத்துனாவ. சந்தோசமாப் போனேன். அங்கயும் வீடுக இருக்குலா?

என் வீட்டம்மா கோமதி அப்பவே ஏசுவா. "அவங்க பாட்ட அவங்க பாத்துக்கிடட்டும், நீங்க எதுக்கு ஊடால"ம்பா. ஆனா கிளாட்சன் வந்தா அவதான் சோறு போடுவா. "கிளாட்சா, இன்னும் ரெண்டு மீன் போட்டுக்கோ"ம்பா. அவளுக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும்போல. அடுப்படியில முணுமுணுப்பா. தாளம் தப்பும். நான் இங்கருந்து திருத்துவேன். "அங்க இழுக்கக் கூடாது, அங்க வெட்டணும்"ன்னு. பெறவு பெறவு பாடுதத விட்டுட்டா. ரசனைங்கறது எல்லாருக்கும் வராது.

இப்பச் சொல்லப் போறதுதான் முக்கியம். கேளுங்க.

கேசட்டு வந்த அந்த வருசம், என்ன வெளாத்திகுளத்துக்கு மாத்துததுக்கு முன்னால, தூத்துக்குடி துறைமுகத்துல ஒரு படத்துக்கு ஷூட்டிங் வந்துச்சு. பெரிய படம். பேரு வேண்டாம். அந்த மியூசிக் டைரக்டர்கிட்ட அசிஸ்டெண்டா மணவாளன்னு ஒருத்தர். அவரு தங்குன லாட்ஜுல கரண்ட் பிரச்சனைன்னு எங்க ஆபீஸ் ஆளு போயிருக்கான், அவன் பையில நான் குடுத்த கேசட்டு. எப்படியோ மணவாளன் கைக்குப் போயி, கேட்டுட்டு, பாடுன பையன வரச் சொல்லுங்கன்னாரு. யாரு குடுத்த கேசட்டு? நான் குடுத்தது. அத யாரும் இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல.

லாட்ஜுக்குக் கிளாட்சன் போனான். கூட நான் போனேன். நான் போகாம யாரு போவா?

மணவாளன் நல்ல மனுசர்தான். எந்திரிச்சு நின்னு கிளாட்சன் கையப் பிடிச்சுக்கிட்டாரு. "பிரமாதம் தம்பி. டைரக்டர் கார்ல போகும்போது திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். இதே பாட்டு, இதே மேளம், நீதான் பாடணும். மெட்ராஸ் வந்துரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்தணும்"ன்னாரு.

"என்ன சார்?"

"இந்த 'எங்கம்மை'. எங்க பக்கம் அம்மைன்னா உடம்பு பூரா கொப்புளம் போடுமே, அது. தியேட்டர்ல கொல்லுனு சிரிச்சிருவாங்க. எங்கம்மான்னு பாடிட்டாப் போதும்."

"அதுக்கென்ன சார், பாடிருதேன்"னான் கிளாட்சன். யோசிக்கவே இல்ல சார். ஒரு நொடி. பல்லு பூரா தெரியச் சிரிச்சுக்கிட்டு சொல்லுதான்.

எனக்குத் தலைக்கு மேல ஏறிட்டு. "ஏல, நீ சும்மா இரு"ன்னேன். "சார், ஒரு எழுத்து மாத்துனாப் பாட்டு செத்துப் போயிரும். உவரிக்காரிய எவன் அம்மான்னு கூப்பிடுவான்? அவ அம்மைதான். வெயில்ல உப்பு வாருத கால் சார் அது. அம்மாங்கறது மெத்தையில உக்காந்து காப்பி குடிக்குதவ"ன்னேன்.

அவரு என்னையும் கிளாட்சனையும் மாறி மாறிப் பாத்தாரு. "நீங்க பேண்டுல யாரு சார்?"

"ரசிகன்"னேன்.

"சரி, நாளைக்குக் காலையில நாங்க கெளம்புறோம். அதுக்கு முன்னாடி தம்பி வந்து முடிவு சொல்லட்டும்"னுட்டாரு மணவாளன்.

வெளிய வந்து கிளாட்சன் கெஞ்சுதான். "அண்ணாச்சி, ஒரு எழுத்துதான அண்ணாச்சி." வீட்டுக்குப் போனா அவங்க அம்மையும் அதையே சொல்லுதா. கால நீட்டி உக்காந்து வெளக்கெண்ண தேச்சுக்கிட்டிருந்தா. "அம்மைன்னா என்ன, அம்மான்னா என்ன. சினிமாக் கொட்டகையில உக்காந்து கேக்கும்போது அது எம்பிள்ள கொரலுன்னு எனக்குத் தெரியாதா?"ங்கா. "உங்களுக்கு இதெல்லாம் வெளங்காது"ன்னுட்டேன். யாரப் பத்தின பாட்டோ அவளுக்கே அந்த வார்த்தையோட மதிப்பு தெரியல, அதுதான் சார் கொடும.

ராத்திரி பூரா யோசிச்சேன். பயலுவ எளகிட்டானுவ. சினிமான்னதும் எளகத்தான செய்வானுவ. யாராவது ஒருத்தன் தெளிவா இருக்கணும்லா. காலையில டூட்டிப் பைய மாட்டிக்கிட்டு நேரா லாட்ஜுக்குப் போனேன். மணவாளன் கார்ல சாமான் ஏத்திக்கிட்டிருந்தாரு.

"பாடுற பையன் வரலையா?"ன்னாரு.

"வரமாட்டான். நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். மாத்திப் பாடுததா இல்ல"ன்னேன்.

பேசுனோமா இல்லையான்னு நீங்க கேக்கப்படாது. நிதானமாப் பேசியிருந்தா அந்த முடிவுக்குத்தான் வந்திருப்போம். அவரு கையிலருந்த பெட்டியக் கீழ வச்சாரு. "அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க, இப்படி ஒரு குரல இந்தப் பதினஞ்சு வருசத்துல நான் கேட்டதில்லன்னு"ன்னாரு. கார் போயிட்டு. நானும் ரீடிங் எடுக்கப் போயிட்டேன். குரல் நல்ல குரல்னு நான் ஷெட்டுல நின்னு மொத நாளே சொன்னவன். இவரு என்ன புதுசா வந்து சொல்லுதது?

கிளாட்சன் பெறவு குளிச்சு, வெள்ளச் சட்ட போட்டு, அம்மையையும் கூட்டிக்கிட்டு லாட்ஜுக்குப் போயிருக்கான். ரூம் காலியாக் கெடக்கு. அதுக்குப் பெறவு சினிமாக்காரனுவ போன் பண்ணுவானுவ, பண்ணுவானுவன்னு பக்கத்து பலசரக்குக் கடை போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். நான் போயித் தட்டிக் குடுத்தேன். "போனாப் போறானுவ விடுல, பாட்டு தப்பிச்சுது"ன்னேன். கோமதிக்கு மட்டும் நான் லாட்ஜுக்குப் போன சேதி தெரியும். "அந்தப் பிள்ள மூஞ்சி வாடிக் கெடக்கு, போயி உள்ளதச் சொல்லுங்க"ன்னா. சொல்லுததுக்கு அதுல என்ன இருக்கு? முடிஞ்ச காரியம். நீயும் வாயத் தொறக்கப்படாதுன்னுட்டேன்.

படம் வந்துச்சு. வேற பாட்டு, வேற பய பாடுனான். அவன் இன்னைக்குப் பெரிய பாடகனாம். கேட்டிருக்கேன். வழவழன்னு இருக்கும், வெண்டக்காய் மாதிரி.

பேண்டு அதோட கலைஞ்சுட்டு. கிளாட்சன் பைப் பிட்டர் வேலைக்கு சவுதியில தமாமுக்குப் போனான். நான் ஏர்போர்ட் பஸ்ஸு ஏத்திவிடப் போனேன், "அங்க போனாலும் பாட்ட விட்றாத"ன்னேன். தலைய ஆட்டுனான். ஆனா விட்டுட்டான் சார். அங்க தமிழ்க் கூட்டம் எல்லாம் இருக்கு, சபை இருக்கு, எங்கயும் வாயத் தொறக்கலையாம். கேட்டா தொண்ட போச்சும்பானாம். எனக்கு எவ்வளவு கோவம் வரும் தெரியுமா? நான் இங்கன வெளாத்திகுளம் வெயில்ல வீடு வீடா அவன் கேசட்டப் போட்டுக் காட்டுதேன், அவன் அங்க வாய மூடிக்கிட்டு குழாய் மாட்டுதான்! நன்றின்னு ஒண்ணு வேணாமா?

அவன் அங்க இருக்கும்போதே எஸ்தர் செத்துப் போனா. அவனால வர முடியல. நான்தான் முன்னால நின்னு எல்லாம் பாத்தேன். அடக்கத்தப்ப உப்பு வண்டிப் பாட்டப் போடணும்னு டேப் ரெக்கார்டர் தூக்கிட்டுப் போனேன். சர்ச்சு ஐயரு விடல. அது கெடக்கட்டும்.

பெறவு திரும்பி வந்தான். கல்யாணம் முடிச்சான். வெல்டிங் பட்டற வச்சிருக்கான். எங்க குடும்பத்தோட போக்குவரத்து விட்டுப் போகல. பொங்கலுக்கு நாங்க போவோம், கிறிஸ்மசுக்கு அவன் பலகாரம் கொண்டு வருவான். பாட்டு மட்டும் கெடையாது. நான் பேச்செடுத்தா, "விடுங்க அண்ணாச்சி"ம்பான்.

இந்த வருசம் என்ன ஆச்சுன்னா, பெங்களூருல படிக்குத ஒரு பிள்ள, அவங்க அப்பா பழைய பெட்டியில இந்தக் கேசட்டக் கண்டு பிடிச்சு, ஒரு சின்ன கிட்டார வச்சுக்கிட்டு இந்தப் பாட்டப் பாடி போன்ல போட்டுட்டு. எங்கம்மான்னு. தீ மாதிரி பரவிட்டு சார். ஆட்டோவுல ஓடுது, கல்யாண வீட்டுல ஓடுது. யாரு பாட்டு யாரு பாட்டுன்னு தேடிக்கிட்டு நம்ம பாலிடெக்னிக் பிள்ளைங்க கிளாட்சன் பட்டறைக்கு வந்துட்டாவ. "சார், இருவத்தஞ்சு வருசம் ஆச்சு, பேண்டு மறுபடி பாடணும்"னு. முடியாதுன்னிருக்கான். இசக்கிராஜு வந்து பேசியிருக்கான். கிளாட்சன் பொஞ்சாதியும் பேசியிருக்கா. ஒரு மாதிரி ஒத்துக்கிட்டு, ஒரு மாசமா சாயங்காலம் பட்டறைய மூடிட்டுப் பாடிப் பழகியிருக்கான். எனக்குப் போன் பண்ணுனான். "அண்ணாச்சி, நீங்களும் மதினியும் முன் வரிசையில இருக்கணும். எங்க வீட்டுலதான் தங்கணும்"னான். குரல்ல ஒரு துள்ளல் சார். அந்த ஷெட்டுல கேட்ட குரலு.

நேத்து சாயங்காலம்தான் கச்சேரி. கடற்கரை ரோட்டுல, மைதானத்துல. அவ்வளவு கூட்டம் வரும்னு யாரும் நெனைக்கல. பூரா சின்னப் பிள்ளைங்க. இசக்கிராஜுக்கு முடி நரைச்சுட்டு, ஆனா அந்த அடி அப்படியே இருக்கு. கிளாட்சன் மொத பாட்டுல தடுமாறுனான், ரெண்டாவதுல தொண்ட தொறந்துட்டு. என்ன குரல் சார்! வயசு ஏறி, கரகரன்னு, தேரி மண்ண அள்ளி வீசுத மாதிரி. எனக்குக் கண்ணுல தண்ணி. பக்கத்துல கோமதியும் அழுதா.

உப்பு வண்டி வந்துச்சு. கூட்டம் எந்திரிச்சிட்டு. அவன் மைக்க கூட்டத்தப் பாத்து நீட்டுதான். கூட்டம் "எங்கம்மா"ங்குது. அவனும் சிரிச்சுக்கிட்டே "எங்கம்மா"ங்கான்.

என்னால உக்கார முடியல. "ஏல! அம்மைன்னு பாடுல!"ன்னு கத்திட்டேன்.

பாட்டு முடிஞ்சதும் அந்தக் காம்பியர் பண்ணுத பிள்ள, "யார் சார் அது?"ங்கு. கிளாட்சன் என்னப் பாத்துட்டுச் சிரிச்சான். கோவப்படல சார். மைக்குலயே சொன்னான். "அது எங்க அண்ணாச்சி. தேரிக்காட்டுக்கு மொத ரசிகர். நாடே சிரிச்சப்ப வீடு வீடா எங்க கேசட்டத் தூக்கிட்டு அலைஞ்ச மனுசன். இவரு இல்லன்னா இந்தப் பாட்டே இல்ல"ன்னு சொல்லி, கீழ எறங்கி வந்து என் கையப் பிடிச்சு மேல கூட்டிட்டுப் போனான். சால்வ போட்டாவ. அவ்வளவு கூட்டமும் கைதட்டுது. மைக்க என் கையில குடுத்து, "பேசுங்க அண்ணாச்சி"ன்னான்.

பேசாம இருப்பனா? எத்தன வருசமா மனசுல கெடக்குது! சொன்னேன். சினிமாக்காரன் வந்த கதையச் சொன்னேன். அம்மைய அம்மாவா மாத்தச் சொன்னதச் சொன்னேன். பயலுவ எளகிட்டானுவ, நான்தான் மறுநா காலையில தனியா லாட்ஜுக்குப் போயி, கிளாட்சன் வரமாட்டான், ஒரு எழுத்து மாத்த மாட்டோம்னு சொல்லித் திருப்பி அனுப்புனேன்னு சொன்னேன். அந்த மணவாளனே அசந்து போயி, 'இப்படி ஒரு குரல இந்தப் பதினஞ்சு வருசத்துல நான் கேட்டதில்ல, தம்பிகிட்ட சொல்லுங்க'ன்னுட்டுப் போனாருன்னும் சொன்னேன். "அப்படிக் காப்பாத்துன பாட்டுப்பா இது! இதப் போயி மாத்திப் பாடுதீங்களே!"ன்னேன். கொஞ்சம் பேரு கைதட்டுனாவ. விசில் கூட அடிச்சாவ.

திரும்பிப் பாத்தா கிளாட்சன் அப்படியே நிக்கான். சிரிப்பு மூஞ்சியில இருக்கு, ஆனா யாரோ கழட்ட மறந்துட்டுப் போன மாதிரி இருக்கு. பக்கத்துல வந்தான். மைக்குல விழாத மாதிரி, பைய கேட்டான்.

"அண்ணாச்சி, நான் வரலையான்னு அவரு கேட்டாரா?"

"கேட்டாருல. மொதல்ல அதத்தான் கேட்டாரு."

"நாங்க வந்தோமே அண்ணாச்சி. அம்மையும் நானும். ஒம்பது மணிக்கு வந்தோமே."

"அதுக்கு முன்னாலயே நான் போயிட்டேம்லா."

இசக்கிராஜு குச்சியக் கீழ வச்சான். "நீரா அண்ணாச்சி?"ன்னான். அவ்வளவுதான் கேட்டான்.

கிளாட்சன் டிரம்ஸு வச்சிருக்க மேடையில உக்காந்துட்டான். தரையப் பாத்துக்கிட்டே பேசுதான். "என் குரல் பிடிக்காமத்தான் சொல்லாம கொள்ளாமப் போயிட்டாவன்னு எங்கம்மைகிட்ட சொன்னேன் அண்ணாச்சி. அவ சாவுத வரைக்கும், தமாமுக்குப் போன் போடும்போதெல்லாம், வெந்நியில கல்லுப்பு போட்டு வாய் கொப்பளி, கொரலு சரியாயிரும்னு சொல்லிக்கிட்டே இருந்தா"ன்னான்.

கவனிச்சீங்களா சார்? எங்கம்மைன்னான்! மனசுலருந்து பேசும்போது அம்மைதான் வருது பாத்தீங்களா? அதத்தான நானும் இத்தன வருசமாச் சொல்லுதேன்? நான் அத அவன்கிட்டயே சொன்னேன். "இப்பச் சொன்னியே, அதப் பாடு"ன்னேன். அவன் என்ன நிமிந்து பாத்தான். கிட்டாரக் கழட்டி இசக்கிராஜு கையில குடுத்துட்டு, பின்பக்கமா எறங்கிப் போயிட்டான்.

இன்னும் மூணு பாட்டு பாக்கி. கூட்டம் கத்துது. மைக்கு என் கையிலதான் இருந்துச்சு. சரி, பிள்ளைங்க சரியாவாவது கத்துக்கிடட்டும்னு அந்த வரிய நானே பாடிக் காட்டுனேன். யாரும் கூடப் பாடல. அந்தக் காம்பியர் பிள்ள வந்து மைக்க வாங்கிக்கிட்டு. மரியாதையாத்தான் வாங்குச்சு. ஆனா மூஞ்சியப் பாக்கல.

ஒரு சால்வையப் போட்டுட்டு ஒரு நிமிசத்துல எல்லாவனும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டானுவ சார். நான் என்ன திருடுனனா? பொய் சொன்னனா? நடந்ததச் சொன்னேன். அந்தக் கேசட்டுக்காக நான் ஊரு மாறுனேன், ஏச்சு வாங்குனேன், கோட்டிக்காரன்னு பேரெடுத்தேன். நான் கேட்டது என்ன? அந்தப் பாட்டு இருக்குதபடி இருக்கட்டும். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தா, கிளாட்சன் ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டான். அவன் பொஞ்சாதி எனக்கு இட்லி எடுத்து வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. கோமதி சாப்பிடவே இல்ல. இன்னைக்குக் காலையில பையத் தூக்கிட்டு, "கெளம்புவோமா?"ங்கேன். அவ கூந்தலக் கூட முடியல. வாசப்படியில நின்னுக்கிட்டு, "நீங்க போங்க. நான் இங்கன ரெண்டு நாள் இருந்துட்டு வாறேன்"ங்கா.

எனக்குக் கோவம் வந்துட்டு. "இங்கன இருந்து நீ என்ன செய்யப் போற? சாவா விழுந்திருக்கு இந்த வீட்டுல?"ன்னு கேட்டேன்.

"ஆமா"ன்னா. உள்ள போயிட்டா.